ஆள்காட்டி முட்டைக்குக் கல்லு வெச்சவ

ஒரு ஊர்ல ஒரு ஏரி. ராஜா எங்கன்னு கேக்காதடி, இந்தக் கதையில ராஜாவும் கிடையாது ராணியும் கிடையாது, ஏரிதான். மெட்ராஸத் தாண்டி, ரயில்வே கேட்டத் தாண்டி, வரிசையா அபார்ட்மென்ட் மொளச்சிருக்குமே, அந்த மாதிரி ஒரு பக்கம். மொதல்ல பெரிய ஏரிதான். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம் மண்ணக் கொட்டி நாலு வீடு, அந்தப் பக்கம் கொஞ்சம் கொட்டி நாலு வீடுன்னு, சுத்திச் சுத்திக் கடிச்ச அதிரசம் மாதிரி நடுவுல கொஞ்சூண்டு மிச்சம் நின்னுச்சு. அந்த மிச்சத்தச் சுத்தி நடைபாதை போட்டு, நீலக் கம்பி நட்டு, வாசல்ல சிமெண்ட்டுல ரெண்டு கொக்கு செஞ்சு வெச்சாங்க. ரோஸ் கலர் பெயின்ட்டு வேற. உசுரோட இருக்கற கொக்கு பாத்தா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கும்.

ம் கொட்டு. கொட்டலன்னா நிறுத்திடுவேன்.

ம்.

அந்த ஏரிக்குப் பக்கத்துத் தெருவுல ஒரு மாடி வீடு. அதுல ஒரு அம்மா, பேரு கமலவேணி. வேணி, வேணின்னு கூப்புடுவாங்க. அவ வீட்டுக்காரர் பேரு தணிகாசலம். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தவரு. நாளு பூரா கம்பத்து மேலயே தொங்கினா கண்ணு எங்க போகும்? வானத்துலதான் போகும். அப்படியே பறவப் பைத்தியம் புடிச்சிருச்சு அவருக்கு. ரிட்டயர் ஆனதும் மொத வேலையா ஒரு பைனாகுலர் வாங்கினாரு. காலையில டீயக் குடிச்சிட்டு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு, ஏரிய ஒரு சுத்து. வேணி மொதல்ல மொணமொணன்னா. "கொக்குன்னா கொக்கு, அதுல என்னங்க சின்னக் கொக்கு, நடுக் கொக்கு, பெரிய கொக்கு"ன்னா. அப்புறம் ஒரு நாளு தண்ணிக்குள்ளேருந்து பாம்பு மாதிரி ஒரு கழுத்து மட்டும் வெளிய வந்து நின்னுச்சு. பாம்புத்தாரா அது, பறவதான், ஒடம்ப முழுக்கத் தண்ணிக்குள்ள வெச்சிக்கிட்டு நீந்தும். அதப் பாத்த நாள்லேருந்து பைனாகுலர் இவ கழுத்துல, அவரு கேட்டாக்கூட குடுக்க மாட்டா.

அப்புறம் என்னாச்சு? அப்புறம் ஒரு ஐப்பசி மழையில, குளிக்கப் போன மனுஷன் பாத்ரூம்ல தொபுக்கடீர்னு விழுந்தாரு. வலது பக்கம் பூரா போச்சு. கை போச்சு, கால் போச்சு, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தப்போ டாக்டர் சொன்னாரு, "பேச்சு வரும்மா, ஆனா அவரு முயற்சி பண்ணணும்"னு. அவரு பண்ணல. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. சோறு ஊட்டினா முழுங்குவாரு. மத்தபடி ஒரு வார்த்தை கிடையாது. தண்ணி வேணுமான்னா பதில் இல்ல, வலிக்குதான்னா பதில் இல்ல. நோவு வந்தா வருதுடி, அது யாரு கையில இருக்கு? ஆனா கூடவே இருக்கற மனுஷன் மனசு விட்டுட்டாரு பாரு, அதுதான் வேணிய அறுத்துச்சு.

அப்போ அவ ஒரு வேண்டுதல் வெச்சா. தெனமும் காலையில காக்காவுக்குச் சோறு வெக்காம பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது, இவரு வாயத் தொறந்து பேசணும். வேற யாரு கேக்காட்டியும் செத்துப் போன பெரியவங்க காக்காவா வந்து கேப்பாங்கன்னு அவளுக்கு ஒரு நம்பிக்க. மொட்ட மாடிக் கைப்பிடிச் செவுத்து மேல ஒரு தட்டக் கல்லு. அது மேல கொஞ்சம் சுடு சோறு, ஒரு சொட்டு நெய்யி, நாலு எள்ளு. வெச்சிட்டு ஒரு எட்டு பின்னால வந்து, "கா, கா, கா"ன்னு கூப்புடுவா. சர்ருனு வந்துடும். அதுல ஒண்ணுக்குக் கால் விரல் மடங்கியிருக்கும், நொண்டி நொண்டி வரும். அது மொதல்ல அவ மொகத்தப் பாக்கும், அப்புறந்தான் சோத்தக் கொத்தும். வேணிக்கு அது யாருன்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. மாமியாரோ என்னமோ.

சோத்த வெச்சிட்டு, பைனாகுலர மாட்டிக்கிட்டு ஏரிக்குப் போவா. அவருக்காகத்தான் போவா. திரும்பி வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாம ஒப்பிப்பா. "நாமக்கோழி கூட்டமா இருந்துச்சுங்க. முக்குளிப்பான் ஒண்ணு, நான் பாக்கறேன்னு தெரிஞ்சு முழுகிடுச்சு, எங்க எழுந்துச்சோ தெரியல. செம்போத்து உப் உப் உப்புன்னு கத்துது." அவரு முதுகு அசையாது. இவ சொல்றத நிறுத்தவும் மாட்டா. செவுத்துக்குச் சொல்ற மாதிரிச் சொல்லிட்டு, சமையல்கட்டுக்குப் போயி முந்தானையில மூஞ்சத் தொடச்சிப்பா.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி கேளு. மாசி மாசம் முடியப் போற சமயம். காலையில இன்னும் கொஞ்சம் பனி இருக்கும், சூரியன் வந்தா சுள்ளுன்னு அடிக்கும். புங்க மரம் பூரா புதுத் தளிர், எண்ணெய் தடவின மாதிரிப் பளபளன்னு. வடக்கேருந்து வந்த வாத்தெல்லாம் ஊருக்குக் கிளம்பிக்கிட்டு இருந்துச்சு, நேத்து இருந்த கூட்டம் இன்னிக்கு இருக்காது. ஏரித் தண்ணி கரையிலேருந்து உள்வாங்கி, ஓரத்துல சரளையும் காஞ்ச சேறுமாக் கிடந்துச்சு. வேணி நடந்து போறா. அப்போ தலைக்கு மேல, "டிட்டிட்டீ! டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

என்ன அது? ஆள்காட்டி. மஞ்சக் காலு, கருப்புக் கழுத்து, கண்ணுக்கு முன்னால செவப்பா ஒரு துண்டுச் சதை. யாராவது பக்கத்துல வந்தா ஊரக் கூட்டிடும். அதனாலதான் அந்தப் பேரு. இன்னிக்கு என்ன இவ்ளோ கத்துதுன்னு வேணி நீலக் கம்பி ஒடஞ்சிருந்த சந்துல நொழஞ்சு கீழ எறங்கினா. உடனே அது தரையில விழுந்து, ரெக்கைய ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு, ஐயோ ஒடஞ்சு போச்சு, ஐயோ ஒடஞ்சு போச்சுன்னு நாடகம் போடுது. என் பின்னாடி வா, என்னப் புடின்னு கூப்புடுது. வேணிக்கு இந்த நாடகமெல்லாம் தெரியும், தணிகாசலம் சொல்லியிருக்காரு. அவ அதும் பின்னால போகல. தூக்கின கால அப்படியே அந்தரத்துல நிறுத்தினா.

காலுக்குக் கீழ முட்டை. கூடு கிடையாது, குச்சி கிடையாது, பஞ்சு கிடையாது. வெறுந்தரையில ஒரு சின்னக் குழி, அதுல நாலு முட்டை. சேத்து நெறம், மேல கருப்புக் கருப்பாத் திட்டு. சுத்திக் கிடக்கற சரளக் கல்லுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. அதுதான்டி அதுக்கு வேலி. தெரியாம இருக்கறதுதான் அதுக்குக் காவல்.

வீட்டுக்கு ஓடி வந்தா. மூச்சு வாங்குது. "என்னங்க, ஆள்காட்டி முட்டை வெச்சிருக்குங்க! நம்ம ஏரியில! மிதிச்சே இருப்பேன், தப்பிச்சுது."

முதுகு அசஞ்சுது. தல திரும்புச்சு. கோணிப் போன வாய் தொறந்து, கரகரன்னு ஒரு சத்தம். "எத்... தன?"

வேணி கையில இருந்த டம்ளர் டங்குனு கீழ விழுந்துச்சு. "நாலுங்க"ன்னு சொன்னா. சொல்லிட்டு ஓன்னு அழுதா.

அப்புறம் மறு நாள்லேருந்து, அவ வாசல்ல செருப்பக் கழட்டற சத்தம் கேட்டதும் உள்ளேருந்து குரல் வரும். "பொரிஞ்சுதா?" இல்லங்க, இன்னும் இல்லங்க. அதுக்கு மறு நாளும், "பொரிஞ்சுதா?" இல்லங்க. மனுஷன் தலகாணிய வெச்சு சாஞ்சு உக்கார ஆரம்பிச்சாரு. இடது கையால தானே இட்லியப் பிச்சுத் தின்னாரு. ஒரு நாளு, வெகு நேரம் வாய மென்னு மென்னு சொன்னாரு, "குஞ்சு... பொறந்த அன்னிக்கே ஓடும். பாக்கணும். பொரிஞ்சதும் நான் வரேன்."

வாசப்படி தாண்ட மாட்டேன்னு கிடந்த மனுஷன், வரேன்னு சொல்றாரு. வேணிக்கு வேற என்ன வேணும்? இந்த நாலு முட்டை பொரிஞ்சா என் புருஷன் எழுந்து வருவாரு. அவ்ளோதான் அவ புத்தியில இருந்துச்சு. பொரியலன்னா? அத அவ நெனச்சுக்கூடப் பாக்கல.

அப்போ மொதல் கண்டம் வந்துச்சு. ஞாயித்துக் கிழம. வாக்கிங் வந்த ரெண்டு பேரு போட்டோ எடுக்கறேன்னு கம்பியத் தாண்டிக் கீழ எறங்கிட்டாங்க. போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு, மூஞ்சப் பாத்துக்கிட்டே பின்னால பின்னால போறாங்க. ஆள்காட்டி டிட்டிட்டீன்னு உசுரு போகக் கத்துது. யாரு கேக்கறா? காதுல பாட்டு. வேணி கரையிலேருந்து விழுந்தடிச்சு ஓடினா. "ஏம்ப்பா, ஏம்ப்பா, நில்லுங்க! கால வெக்காதீங்க!"

"என்னம்மா, பாம்பா?"

"முட்டை!"

"முட்டைக்கா இந்தக் கத்து கத்தினீங்க?"ன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. வேணி சுத்திமுத்திப் பாத்தா. தேடிப் பொறுக்கினா, தட்டத் தட்டக் கல்லா. குனிஞ்சு, முட்டையச் சுத்தி வட்டமா அடுக்கினா. யாரு வந்தாலும் இங்க ஏதோ இருக்குன்னு தெரியணும்ல? அடுக்கிட்டு ஒரு எட்டு பின்னால வந்து நின்னு, அழகு பாத்தா. அப்போ நீலக் கம்பி மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. ஒத்தக் கால் விரல் மடங்கி. "அட, நீயா? துணைக்கு வந்தியா?"ன்னா வேணி.

ம் சொல்லுடி.

ம்.

அப்புறம் ரெண்டாவது கண்டம். எரும. பக்கத்து ஊர்லேருந்து ஒருத்தரு எரும ஓட்டிக்கிட்டு வருவாரு, தண்ணி கொறஞ்சா உள்ளயே வந்து படுக்கும். திம் திம்முனு வருது. ஆள்காட்டி, அவ்ளோ பெரிய எரும மூஞ்சிக்கு முன்னால ரெக்கைய விரிச்சுக்கிட்டு நிக்குது. இத்தனூண்டு பறவ! எருமைக்கே என்னவோ போல ஆகி, ஒதுங்கிப் போச்சு. ஆனா ஒரு கொளம்பு கல்ல எத்தி விட்டுச்சு. வேணி போயி எருமக்காரர்கிட்ட சண்ட.

"யம்மா, எருமைக்கு என்னம்மா தெரியும் முட்டைன்னு? எனக்கே தெரியல. கண்ணுக்குத் தெரியற மாதிரி எதையாச்சும் நட்டு வையி, நான் ஒதுக்கி ஓட்டிக்கறேன்"னு அவரு நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு.

வேணி கருவேல முள்ள வெட்டிக் கொண்டாந்தா. கல்லு வட்டத்துக்கு வெளிய இன்னொரு வட்டமா முள்ளு. ஒரு குச்சிய நட்டு, பழைய செவப்பு ரவிக்கத் துணியக் கிழிச்சு நுனியில கட்டினா. படபடன்னு பறக்குது, தார் ரோட்டுலேருந்தே தெரியுது. அவ குனிஞ்சு குனிஞ்சு வேலை செய்ய, கம்பி மேல இப்போ நாலஞ்சு காக்கா. வேலை முடிஞ்சு இவ நகர்ந்தும், ஆள்காட்டி ரொம்ப நேரம் கிட்ட வரல. தூரத் தூர நின்னு பாத்துச்சு. வெயில் ஏறுது, முட்டை காயுது. கடைசியில மனசு கேக்காம தண்ணியில வயித்த நனச்சிக்கிட்டு ஓடி வந்து, முள்ளு சந்துல நொழஞ்சு, ஈர வயித்த முட்டை மேல வெச்சு உக்காந்துச்சு. வெயில் காலத்துல அதுக்கு அதுதான் வழி. வேணி மூஞ்சியில அப்படி ஒரு திருப்தி. இனிமே எவன் வர முடியும்னு நெனச்சா.

நீயே யோசிடி. தெனம் காலையில ஒருத்தி தட்டக் கல்லு வெக்கறா, குனியறா, ஏதோ பண்றா, ஒரு எட்டு பின்னால வந்து நிக்கறா. மாடியில அப்படிப் பண்ணினா அது காக்காவுக்கு. ஏரியில அப்படிப் பண்ணினா அது யாருக்கு? காக்காவக் குத்தம் சொல்ல என்ன இருக்கு? அதுக்கு ஒரே ஒரு வேணிதான் தெரியும். சோறு வெக்கற வேணி.

மூணாவது கண்டம் அப்படித்தான் வந்துச்சு. பங்குனி பொறந்திடுச்சு. அன்னிக்குக் காலையில வேணி மாடியில சோத்த வெச்சிட்டு, "கா, கா, கா"ன்னா. ஒண்ணும் வரல. இன்னொரு தடவ கூப்பிட்டா. மரத்துல இல்ல, ஒயர்ல இல்ல, தண்ணி டேங்க்குல இல்ல. சோறு அப்படியே ஆறுது. காக்கா சோறு எடுக்கலன்னா வீட்டுல ஏதோ ஆகப் போகுதுன்னுதானே அர்த்தம்? தடதடன்னு படியெறங்கி ஓடி வந்து கட்டிலப் பாத்தா. மனுஷன் ஜம்முனு உக்காந்திருக்காரு. "என்ன வேணி? மூச்சு வாங்குது?"ன்னாரு. திக்காம, ஒரே மூச்சுல! அப்புறம் அவரே சொன்னாரு, "இன்னிக்குப் பொரியும் பாரு."

அப்பாடான்னு இருந்துச்சு அவளுக்கு. அப்போ என்ன பண்ணினா? வீட்டுக்கு வர இருந்த ஆபத்து வெலகிடுச்சுன்னு நெனச்சிக்கிட்டு, சந்தோஷமாவே ஏரிக்குப் போனா.

தூரத்துலேயே சத்தம். டிட்டிட்டீ டிட்டிட்டீ, ரெண்டு பறவையும் சேந்து, விட்டு விட்டு இல்ல, ஒரே மூச்சா. கூடவே கா, கா, கா. செவப்புத் துணி படபடன்னு அடிச்சிக்கிட்டு இருக்கு, அதுக்குக் கீழ கருப்பா ஒரு கூட்டம். ஆள்காட்டி ஒண்ணு மேலேருந்து பாயுது, ஒரு காக்கா எகிறிப் போகுது, அந்த இடத்துக்கு இன்னொண்ணு வருது. அந்தப் பறவை எத்தனையத் துரத்தும்? முள்ளு எருமையத் தடுக்கும், மனுஷனத் தடுக்கும். மேலேருந்து எறங்கறத என்ன பண்ணும்? உள்ள ஓடி வர்ற ஆள்காட்டியத்தான் அது தடுத்துச்சு.

வேணி "ஏய்! ஏய்!"னு செருப்பக் கழட்டி வீசினா. கிட்டப் போயிப் பாத்தா ஓடுதான் கிடந்துச்சு. ஒரு ஓட்டுக்குள்ள, இரு, இதச் சொல்லலாமான்னு தெரியல, ஆனா நீ கேப்ப, சொல்லிடறேன். ஒரு ஓட்டுக்குள்ள குஞ்சு முழுசா ஆயிருந்துச்சு. காலு, மூக்கு, மேல ஈர முடி. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா அது ஓடியிருக்கும்.

எல்லாக் காக்காவும் பறந்து போச்சு. விரல் மடங்கினது மட்டும் போகல. வேணி வெச்ச தட்டக் கல்லுல மூக்க இப்படி, இப்படின்னு தீட்டிக்கிச்சு. அப்புறம் அவ மொகத்தப் பாத்து, "கா"ன்னுச்சு. நொண்டி நொண்டி அவ கால்கிட்ட வந்து நின்னுச்சு, இன்னும் இருக்கான்னு கேக்கற மாதிரி. அப்போதான்டி வேணிக்கு எல்லாம் புரிஞ்சுது. அப்படியே சரளயில உக்காந்துட்டா.

என்ன, மூக்க உறிஞ்சற? அழறியா? வேணும்னா இதோட நிறுத்திடறேன்.

ம்ஹூம். சொல்லு.

வீட்டுக்கு வந்தா. செருப்பக் கழட்டினா. உள்ளேருந்து, "பொரிஞ்சுதா?"

வேணி கதவப் புடிச்சிக்கிட்டு நின்னா. இல்லன்னு சொன்னா இந்த மனுஷன் மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிடுவாருன்னு ஒரு பயம். உசுருக்குப் பயந்த மாதிரி பயம். "பொரிஞ்சுதுங்க"ன்னா.

"எத்தன?"

"நாலும்."

அவரு சிரிச்சாரு. பாதி வாயாலதான், ஆனா சிரிச்சாரு. "நாற்காலிய எடு"ன்னாரு. ஆஸ்பத்திரியில குடுத்த சக்கர நாற்காலி, கட்டிலுக்கு அடியில தூசு புடிச்சுக் கிடந்துச்சு.

அன்னிக்கு, "டயர்ல காத்து இல்லங்க"ன்னா. மறு நாளு, "வெயில் ஏறிடுச்சுங்க, மயக்கம் வரும்"னா. மூணாம் நாளு அவ ஒரு பொய்ய ரெடி பண்ணிக்கிட்டு ரூமுக்குள்ள போறா, அவரு கட்டில் விளிம்புல உக்காந்திருக்காரு. தானே சட்ட போட்டுக்கிட்டு இருக்காரு. ஒத்தக் கையால, பொத்தான மாத்தி மாத்திப் போட்டு, ஒரு பக்கம் ஏத்தமா, ஒரு பக்கம் எறக்கமா. எப்போ ஆரம்பிச்சாரோ, வேர்த்து ஊத்துது. இதப் பாத்தப்புறம் என்ன பொய் சொல்றது? வேணி வாய மூடிக்கிட்டு நாற்காலிய இழுத்தா.

கட கட கட கடன்னு நடைபாதையில தள்ளிக்கிட்டுப் போறா. வாக்கிங் போறவங்க எல்லாம், "அட சார், எப்படி இருக்கீங்க!"ன்னு நின்னு கேக்கறாங்க. அவரு தலைய ஆட்டறாரு. காத்து மூஞ்சியில படுது. தண்ணியப் பாத்ததும் கண்ணு கலங்கிச்சு அவருக்கு. "நத்தகுத்தி நாரை"ன்னாரு. "அதோ முக்குளிப்பான்"னாரு. சின்னப் புள்ள மாதிரி ஒவ்வொண்ணாப் பேரு சொல்றாரு. வேணிக்கு அவரு சொல்ற ஒவ்வொரு பேரும் நெஞ்சுல குத்துச்சு. எத்தன நாளா இந்தக் குரலுக்கு ஏங்கினா! இப்போ அது கேக்குது, அத அனுபவிக்க முடியல அவளால.

ஒடஞ்ச கம்பிகிட்ட வந்தாங்க. அவரு இடது கையால பைனாகுலரத் தூக்கினாரு. வேணி இன்னொரு பக்கத்தப் புடிச்சிக்கிட்டா. அவரு தேடறாரு. சரளையத் தேடறாரு, தண்ணி ஓரத்தத் தேடறாரு. அப்புறம் பைனாகுலர் ஒரு இடத்துல நின்னுச்சு.

"அது என்ன... செவப்புத் துணி?"

பைனாகுலர் இன்னும் கொஞ்சம் கீழ எறங்குச்சு.

"முள்ளு. கல்லு. யாரு வெச்சது?"

அவ வாயத் தொறக்கறதுக்குள்ள, டிட்டிட்டீ! சர்ருனு ஒரு ஆள்காட்டி மேலேருந்து பாஞ்சுது. அவ தலைய ஒரசிக்கிட்டுப் போச்சு. திரும்பி வந்து இன்னொரு தடவ பாஞ்சுது. பக்கத்துலயே ரெண்டு பேரு நடந்து போறாங்க, அவங்கள ஒண்ணும் பண்ணல. நாற்காலியில உக்காந்திருக்கறவர ஒண்ணும் பண்ணல. வேணிய மட்டும்.

தணிகாசலம் பைனாகுலர மடியில எறக்கி வெச்சாரு. மெதுவா சொன்னாரு, "கம்பத்துல காக்கா கூட்டக் கலைக்கச் சொல்லுவாங்க. கலைச்சா, கலைச்சவனத்தான் கொத்தும். எத்தன வாங்கியிருக்கேன் நானு." அப்புறம் அவள நிமிந்து பாத்தாரு. "குஞ்சு இல்லதான?"

"இல்லங்க."

"எது தின்னுச்சு?"

"நம்ம காக்காங்க." கல்லு வெச்சது, முள்ளு வெச்சது, காக்கா கம்பி மேல வந்து உக்காந்தது, எல்லாத்தையும் கொட்டிட்டா. பொய் சொன்னதையும் சொன்னா. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கேட்டு முடிச்சிட்டு, தலையக் கவுத்துக்கிட்டு, "நான் தெனம் தெனம் கேட்டேன். அதனாலதான் நீ தெனம் போன. நான் வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்"னாரு.

அவ்ளோதான், வேணிக்கு எங்கேருந்து கோவம் வந்துச்சோ! "அப்படிச் சொல்லாதீங்க! அந்த முட்டை என் புத்தியால போச்சு, என் தலையில கொத்துது, கொத்தட்டும், அது நியாயம். அதுக்கு நீங்க மறுபடியும் ஊமையாப் போவீங்களா? அந்த வீட்டுல நான் செவுத்துக்கிட்டப் பேசிப் பேசியே செத்துட்டு இருந்தேங்க. திட்டுங்க. கொலகாரின்னு சொல்லுங்க. எதையாச்சும் பேசுங்க."

வாக்கிங் போறவங்கல்லாம் திரும்பிப் பாத்தாங்க. பாத்தாப் பாக்கட்டும். அவரு ஒண்ணும் பேசல. ஏரியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. வேணி அவரு வாயையே பாத்துக்கிட்டு நின்னா. அந்த ஒதடு அசையல. போச்சு, எல்லாமே போச்சுன்னு நெனச்சிக்கிட்டு, நாற்காலிப் பக்கத்துல தரையிலயே உக்காந்தா.

அப்போ மறுபடியும் டிட்டிட்டீ! இந்தத் தடவ அந்தப் பறவ கொஞ்சமும் பயப்படல. நேரா வந்து நடு மண்டையில நறுக்குன்னு ஒண்ணு வெச்சுது. வேணி கையத் தூக்கித் தடுக்கல. குனிஞ்சுகூடப் போகல. ரெண்டு கையையும் மடியில வெச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா, இன்னொண்ணுக்காக.

அடுத்தது வர்றதுக்குள்ள, அவ தல மேல கனமா ஒண்ணு வந்து உக்காந்துச்சு. தணிகாசலத்தோட இடது கை. விரல விரிச்சு, தொப்பி மாதிரிக் கவுத்திருந்தாரு. பறவ பாஞ்சு அவரு கைய ஒரசிட்டுப் போச்சு. கைய எடுக்கல அவரு.

"வலிக்குதா?"ன்னு கேட்டாரு.

"ம்"னா வேணி.

அவ்ளோதான்டி. குஞ்சா? குஞ்சு இல்ல. திரும்பி வருமான்னா வராது, போனது போனதுதான். அந்த ரெண்டு பறவையும் பொழுது ஏற ஏறக் கத்திக்கிட்டே இருந்துச்சு, இவங்க ரெண்டு பேரும் வெயில்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கதைக்குக் கதவு சாத்தியாச்சு, நீயும் கண்ணச் சாத்து.